‘தடை முடிஞ்சிட்டு’ என்று உங்களுக்குச் சொன்னது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. சவூதிக்கோ டுபாய்க்கோ குவைத்துக்கோ திரும்பவும் போக யோசிக்கும் ஆள் உங்கள் வீட்டில் இருந்தால் கடைசிவரை வாசியுங்கள். இல்லாவிட்டால் அப்படி ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

நம்ம ஊரில் ‘பேன்’ என்ற சொல்லை எல்லாரும் டொக்டர் மாதிரிப் பேசுகிறார்கள். “மூணு வருஷம் கழிஞ்சிட்டு, இனிப் பிரச்சினை இல்ல” என்று ஒரு காக்கா சொல்வார். “பிங்கர் எடுத்திட்டாங்கெண்டா லைஃப் பேன்தான்” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். இருவரும் ஒரு பேப்பரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பேச்சை நம்பித்தான் நகை அடகுக்குப் போகிறது, வளவு ஈட்டுக்குப் போகிறது.

எங்கள் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளின் உம்மாமார் சிலர் என்னிடம் அரபுப் பேப்பர்களைக் கொண்டுவருவார்கள். “டீச்சர், இதில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்பார்கள். கேட்கும் நேரம் பெரும்பாலும் பிந்திவிட்டிருக்கும். காசு கொடுத்தாகிவிட்டது, டிக்கட் திகதியும் வந்துவிட்டது. ஒரு ராத்தா நாலு லட்சம் கொடுத்து ‘பிங்கர் க்ளியர்’ பண்ணிப் போனார். றியாத் விமான நிலையத்தில் கைரேகை வைத்ததும் ஓரமாக உட்கார வைத்து, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காசு வாங்கியவர் இப்போது போன் எடுப்பதில்லை. அவருடைய மகன் என் வகுப்பில் இருக்கிறான். அதற்கு மேல் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். என்ன தடை, எந்தத் திகதியிலிருந்து, யார் போட்டது, யாரால் எடுக்க முடியும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கிடைக்கும்வரை ஒரு சதமும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. ‘எனக்கு ஜவாஸாத்தில் ஆள் இருக்கு’ என்பவருக்குக் கட்டாயம் கொடுக்கக்கூடாது.

சவூதியை எடுத்துக்கொள்வோம், நம்மவர்கள் அதிகம் போவது அங்கேதான். நாம் பேன் என்று ஒரே சொல்லில் சொல்வது அங்கே ஒரே விஷயம் இல்லை.

முதலாவது, லீவில் வந்து திரும்பிப் போகாதவர்கள். குரூஜ் வ அவ்தா, அதாவது எக்ஸிட் றீஎன்ட்ரி அடித்துக்கொண்டு வந்து, அது முடிவதற்குள் போகாமல் விட்டவர்கள். 2020இல் கொரோனாவோடு விமானம் நின்று ஊரில் மாட்டிக்கொண்டவர்கள், வாப்பா மௌத்தாகி வந்து அப்படியே தங்கியவர்கள், கபீல் சம்பளம் கொடுக்காததால் “இனிப் போறல்ல” என்று இருந்தவர்கள் எல்லாம் இதில் அடங்குவார்கள். இவர்களுக்கு மூன்று வருடத் தடை இருந்தது. பழைய கபீலே புதிய விசா எடுத்துக் கொடுத்தால் மட்டும் இடையில் போகலாம். இந்த மூன்று வருடத் தடையை 2024 ஜனவரியில் ஜவாஸாத் நீக்கிவிட்டது. அப்போது பத்திரிகைகளிலும் வந்த செய்தி இது. ஆனால் நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றும் இந்த வகையில் வரும் ஆட்களிடம் ‘பேன் எடுத்துத் தாறன்’ என்று ஒன்றரை, இரண்டு லட்சம் கேட்கிறார்கள். இல்லாத பூட்டுக்குச் சாவி விற்கும் வியாபாரம். வாங்கியவர் ஒன்றுமே செய்யத் தேவையில்லை, ஆள் போய்ச் சேர்ந்ததும் “பாத்தீங்களா, நான் க்ளியர் பண்ணினது” என்று சொன்னால் போதும்.

இதே செய்தியைக் காட்டி மற்றப் பக்கமும் ஏமாற்றுகிறார்கள். “சவூதி எல்லா பேனையும் எடுத்திட்டாம்” என்கிறார்கள். எடுத்தது லீவில் வந்து திரும்பாதவர்களின் தடையை மட்டும். கீழே சொல்லப்போகும் வகைகளுக்கு அது பொருந்தாது.

இரண்டாவது, ஹுரூப். வேலைக்கு வரவில்லை, ஓடிவிட்டார் என்று கபீல் கொடுக்கும் முறைப்பாடு. இதைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் வாய்கள் கொஞ்சம் அடங்க வேண்டும். ஓடிப்போனவள் என்றால் நாம் உடனே என்னவெல்லாமோ நினைக்கிறோம். ஏழு மாதச் சம்பளம் கிடைக்காமல், அடி தாங்காமல், றியாத்தில் உள்ள நம் தூதரகத்துக்கோ ஜித்தாவில் உள்ள கொன்சியுலர் அலுவலகத்துக்கோ போய்ச் சேர்ந்த பெண்ணின் பெயரும் ஹுரூப் பட்டியலில்தான் விழும். கதவைத் திறந்து வெளியே வந்த அன்றே கபீல் முறைப்பாடு கொடுத்திருப்பான். அநியாயம் செய்தவன் வீட்டில் இருக்கிறான், தடை இவள் தலையில் இருக்கிறது.

மூன்றாவது, தர்ஹீல். பிடிபட்டோ, தானாகச் சரணடைந்தோ, நாடு கடத்தும் முகாம் வழியாகக் கைரேகை வைத்து அனுப்பப்பட்டவர்கள். இப்படி வந்தவர்கள் வேலை விசாவில் திரும்ப முடியாது, ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் வரலாம் என்பதுதான் ஜவாஸாத் சொல்லிவரும் விதி. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று ஊரில் சொல்லும் கணக்கெல்லாம் இவர்களுக்குப் பொருந்தாது. நீதிமன்றத் தீர்ப்போடு, வழக்கில் தண்டனை முடிந்து அனுப்பப்பட்டவர்களின் விஷயம் இதைவிடக் கடினம்.

பொது மன்னிப்பில் வந்தவர்களை இதோடு குழப்பக்கூடாது. 2017 மார்ச்சில் சவூதி ஒரு பொது மன்னிப்பு அறிவித்தது. முதலில் 90 நாள், பிறகு நீட்டினார்கள். அந்தக் காலத்துக்குள் தானாகப் பதிந்து வெளியேறியவர்கள் மீது தர்ஹீல் தடை விழாது என்பதுதான் அதன் பிரதான சலுகை. அதில் வந்த ஒருவர் இவ்வளவு காலமும் ‘எனக்கு லைஃப் பேன்’ என்று நினைத்து வீட்டில் இருக்கலாம். அதே வருடம் அந்தத் தவணை முடிந்த பிறகு பிடிபட்டு வந்த இன்னொருவர் ‘நானும் மன்னிப்பிலதான் வந்தன்’ என்று நம்பிக்கொண்டிருக்கலாம். வெளியேறிய திகதிதான் இருவரையும் பிரிக்கிறது. அது பழைய பாஸ்போட்டில் இருக்கிறது. அந்தப் பாஸ்போட்டை எங்கே வைத்தோம் என்று எத்தனை வீட்டில் தெரியும்?

குரூஜ் நிஹாயி, அதாவது பைனல் எக்ஸிட் அடித்து ஒழுங்காக வந்தவர்களுக்கு அந்த முத்திரையால் தடை எதுவும் வராது. இதையும் சிலர் பேன் என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கவும் கூடாது. கடைசி நாட்களில் எங்கே இருந்தீர்கள், கைரேகை எடுத்தது விமான நிலையத்திலா முகாமிலா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

திகதிக் கணக்கைப் பற்றி ஆசிரியை என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சவூதிப் பேப்பர்களில் ஹிஜ்ரித் திகதி இருக்கும். சிலர் அதை அப்படியே ஆங்கில மாதமாக வாசித்துவிடுகிறார்கள். 5ஆம் மாதம் என்றால் ஜமாதுல் அவ்வல், மே இல்லை. ஹிஜ்ரி வருடம் 354 அல்லது 355 நாள்தான். மூன்று ஹிஜ்ரி வருடம் மூன்று ஆங்கில வருடத்தைவிட ஏறக்குறைய 33 நாள் குறைவு. பத்து வருடம் என்றால் மூன்றரை மாத வித்தியாசம் வந்துவிடும். இன்னொன்று, லீவில் வந்து திரும்பாதவரின் தடை அவர் ஊருக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படவில்லை, விசா முடிந்த நாளிலிருந்துதான் எண்ணப்பட்டது. ஆறு மாத விசாவில் வந்தவரின் கணக்கு ஆறு மாதம் பிந்தித்தான் தொடங்கும். எந்த நாட்டுத் தடையாக இருந்தாலும் ‘எத்தனை வருஷம்’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த நாளிலிருந்து’ என்று கேளுங்கள்.

எப்படிப் பார்ப்பது? பாஸ்போட் இலக்கத்தை அடித்தால் ‘உங்கள் தடை முடிந்தது’ என்று காட்டும், எல்லாருக்கும் திறந்த ஒரு பக்கம் சவூதிக்கு இல்லை. யூடியூப்பில் அப்படிக் காட்டுபவர்கள் பார்வையாளர் எண்ணிக்கைக்காகக் காட்டுகிறார்கள். அப்ஷர் உள்ளே இருப்பவர்களுக்கானது, இகாமா முடிந்து ஊருக்கு வந்தவருக்கு அதனால் பெரிதாகப் பலன் இல்லை. உண்மையில் பிடியாக இருப்பது பழைய இகாமா இலக்கம். 2இல் தொடங்கும் பத்து இலக்கம். அதை வைத்துத்தான் உங்கள் கோப்பைத் தேடுவார்கள், பாஸ்போட் எத்தனை தடவை மாறினாலும் அது மாறாது. அந்த இலக்கத்தோடும் பழைய பாஸ்போட் பிரதியோடும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு எழுதுங்கள். றியாத் தூதரகத்தில் உள்ள தொழில் நலன் பிரிவு மூலம் விசாரிக்கச் சொல்லுங்கள். பணியகத்தின் தொலைபேசி 1989. பதில் வரச் சுணங்கும், இரண்டு மூன்று தரம் ஞாபகப்படுத்த வேண்டிவரும். அங்கே இகாமாவோடு இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு, முறைப்படி அத்தாட்சிப்படுத்திய வக்காலத் கொடுத்து ஜவாஸாத்தில் கேட்கச் செய்வது இன்னொரு வழி. செலவாகும், ஆனால் நாலு லட்சம் ஆகாது.

விசா அடித்துவிட்டார்கள் என்பதால் தடை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். விசா வாசல்வரை போகத்தான். உள்ளே விடுவதா இல்லையா என்பது அங்கே விரலை வைத்த பிறகு தெரியும்.

அமீரகத்தின் கதை வேறு. அங்கே தொழில் அமைச்சின் தடை ஒன்று, குடிவரவுத் தடை ஒன்று, பொலிஸ் அல்லது நீதிமன்ற வழக்கு இன்னொன்று. ஒன்றை எடுத்தால் மற்றது தானாகப் போகாது. வங்கிக் கடன், கிரெடிட் காட், திரும்பி வந்த செக் என்று விட்டுவிட்டு வந்த தம்பிமார்களுக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் பிரச்சினை. எமிரேட்ஸ் ஐடி இருந்தால் டுபாய் பொலிஸின் சேவையில் பண வழக்குகளைப் பார்க்கலாம். அபுதாபி நீதித்துறைக்கு ‘இஸ்தஃப்ஸிர்’ என்ற சேவை இருக்கிறது, அதற்கு விசாவில் உள்ள யூனிஃபைட் இலக்கம் வேண்டும். குடிவரவுத் தடைக்கு டுபாய் விசா என்றால் டுபாய் குடிவரவுத் திணைக்களத்திடமும், மற்ற எமிரேட் என்றால் மத்திய அதிகார சபையிடமும் கேட்க வேண்டும். 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை அங்கே பொது மன்னிப்பு இருந்தது. விசா முடிந்து தங்கியிருந்து, அந்தக் காலத்தில் முறைப்படி வெளியேறியவர்களுக்குத் தடை போடவில்லை. குவைத்திலும் அதே வருடம் மார்ச் 17 தொடக்கம் ஜூன் 30 வரை இருந்தது. அந்தத் திகதிகளுக்குள் வந்தவர்கள் எக்ஸிட் பேப்பரைப் பத்திரமாக வையுங்கள்.

இனி மேன்முறையீடு. இந்தச் சொல்லைக் கேட்டதும் ‘கோட்டுக்குப் போறதா’ என்று பயப்படுகிறோம். போட்டவர் யாரோ அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கடன் வழக்கென்றால் கடன்காரரோடு தீர்த்து, தீர்ந்தது என்று எழுத்து வாங்கி, வழக்கை மூடிய பிறகுதான் தடையைப் பற்றிப் பேசலாம். ஹுரூப் என்றால், அது பொய் முறைப்பாடு என்று அந்நாட்டில் இருக்கும்போதே தொழில் அலுவலகத்தில் காட்டுவதுதான் பலமான வழி. சம்பளம் வராத மாதங்கள், தூதரகத்தில் கொடுத்த முறைப்பாட்டு இலக்கம், வைத்தியசாலைத் துண்டு, வட்ஸ்அப் குரல் பதிவு எல்லாம் சாட்சி. சவூதியில் அரசாங்க முடிவுகளை எதிர்த்துப் போகத் திவானுல் மழாலிம் என்ற நிர்வாக நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் குறுகிய காலக்கெடு உண்டு, அங்கே ஒரு வக்கீல் வேண்டும். ஊருக்கு வந்து நாலு வருடம் கழித்து, கையில் ஒரு துண்டும் இல்லாமல் கேட்டால் பதில் பெரும்பாலும் ‘முடியாது’ என்றுதான் வரும். பொய்யாக நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ‘முடியாது’ என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தக் காசில் ஒரு தையல் மெஷினோ இரண்டு ஆடோ வாங்கலாம்.

ஆகவே இப்போது அங்கே கஷ்டத்தில் இருக்கும் உங்கள் தங்கச்சிக்கு, ராத்தாவுக்கு இதைச் சொல்லுங்கள்: வெளியே ஓடுவதற்கு முன் இகாமாவையும் பாஸ்போட்டையும் போனில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பு, தூதரகத்துக்குப் போனால் முறைப்பாட்டு இலக்கம் வாங்கு. பத்து வருடம் கழித்தும் உதவுவது அந்தப் படம்தான்.

பெயரையும் பிறந்த வருடத்தையும் மாற்றிப் புது பாஸ்போட் எடுத்துத் தருபவர்களைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும், பேசுவதில்லை. கையால் எழுதிய பதிவுகள் இருந்த காலத்தில் அது நடந்திருக்கலாம். விரல் ரேகை பெயர் கேட்பதில்லை. பிடிபட்டால் பழைய தடையோடு பொய்த் தகவல் கொடுத்த குற்றமும் சேரும், இங்கேயும் குடிவரவுச் சட்டப்படி அது குற்றம். பிறகு அந்தப் பெண்ணின் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் உம்மாவின் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. பரீட்சை விண்ணப்பம் நிரப்பும்போது அந்தச் சிக்கல் எங்கள் மேசைக்கு வருகிறது.

இன்னொரு கணக்கையும் கவனியுங்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வழமையாக ஏஜென்சிதான் முற்பணம் கொடுக்கும். ‘பேன் உள்ள ஆள்’ என்றதும் அது தலைகீழாகிவிடும், அவள்தான் கொடுக்கவேண்டும். தடை இருக்கிறதா இல்லையா என்பது தெளிவில்லாமல் இருக்கும்வரைதான் சப் ஏஜென்டுக்கு வருமானம். அவர் ஏன் தெளிவாக்கப் போகிறார்? உரிமப் பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கென்று காசு வாங்குவது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பணியகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். ஆனால் நம்மிடம் ரசீது இருப்பதில்லை, காரணம் வாங்கியவர் நம்ம மச்சானுடைய சிநேகிதர், பள்ளியில் முன் சஃபில் நிற்பவர். முன் சஃபில் நிற்பவரிடமும் ரசீது கேளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம்தானே நம்முடையது.

ஹஜ்ஜைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. விசிட் விசாவில் போய் அப்படியே ஹஜ்ஜையும் முடித்துவிட்டு வரலாம் என்று ஆசை காட்டுபவர்கள் வருடாவருடம் வருகிறார்கள். 2025க்கான சவூதி உள்துறை அறிவிப்பில் அனுமதியில்லாமல் ஹஜ் செய்தால் 20,000 ரியால்வரை தண்டம், கூட்டிப்போகிறவருக்கு 100,000 ரியால்வரை. மீறித் தங்கும் வெளிநாட்டவரை நாடு கடத்திப் பத்து வருடம் தடை. 2024 ஹஜ்ஜில் வெயிலில் மௌத்தானவர்கள் 1,301 பேர் என்றும், அதில் 83 வீதமானோர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள் என்றும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சரே சொன்னார். தங்குமிடமும் குளிரூட்டிய கூடாரமும் இல்லாமல் நடந்தவர்கள் அவர்கள். அனுமதி இல்லாமல் போவது கூடாது, பாவம் என்று சவூதியின் மூத்த உலமாக்கள் சபை அதே வருடம் சொல்லிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் வயதான உம்மாவை அந்த வழியில் அனுப்புவதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. தர்ஹீலில் வந்த பெண்ணுக்கும் உம்றாவின் வாசல் திறந்திருக்கும்போது, நல்ல நிலையில் இருக்கும் ஒருவர் தானே போய்ப் பத்து வருடத்தை வாங்கிக்கொண்டு வருகிறார்.

பள்ளி நிருவாகத்தில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊரில் அரபு வாசிக்கத் தெரிந்த மௌலவிமார், மௌலவியாக்கள் எத்தனை பேர்! கிழமையில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் இரண்டு பேர் உட்கார்ந்து, வருபவர்களின் பேப்பரை வாசித்துச் சொன்னால் போதும். பணியகத்துக்கு எழுதும் கடிதத்தை எங்கள் ஆசிரியர்கள் எழுதித் தருவார்கள். பெண்களுக்குத் தனி நேரம் வையுங்கள், ஆண்கள் முன்னால் ‘நான் தர்ஹீல்ல வந்தன்’ என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். தரம் 8இல் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்த்து “உங்க உம்மாவப் புடிச்சித்தானே அனுப்பினாங்க” என்று சொன்னதை நான் வகுப்பில் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை அதை எந்த வீட்டில், யார் வாயிலிருந்து கேட்டிருக்கும்?

கடைசியாக ஒன்று. இந்தப் பதிவின் கீழே இகாமாவையோ பாஸ்போட்டையோ படம் எடுத்துப் போடாதீர்கள், இன்பொக்ஸிலும் அனுப்பாதீர்கள். அந்த இலக்கங்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பழைய பாஸ்போட், இகாமா பிரதி, எக்ஸிட் பேப்பர் இருப்பவர்கள் பாடசாலை விட்ட பிறகு கையில் கொண்டு வாருங்கள். இரண்டு மணிக்குப் பிறகு நிற்பேன், வெள்ளிக்கிழமை தவிர.